ரைசன் 5600எக்ஸ், ஆர்டிஎக்ஸ் 3060: நிதானமாக ஓர் ஓவர்கிளாக்

ஓவர்கிளாக் என்றால் சிப்பை அதன் அடிப்படை வேகத்துக்கு மேல் ஓட்டுவது. இப்போது வரும் ப்ராசசர்கள் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டியவுடனே தாமாகவே ஓவர்கிளாக் செய்துகொள்கின்றன. ஏஎம்டி இதைப் பிரிசிஷன் பூஸ்ட் என்கிறது, இன்டெல் டர்போ பூஸ்ட் என்கிறது, கிராபிக்ஸ் கார்டில் என்விடியா ஜிபியு பூஸ்ட் என்கிறது. பேர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். வெப்பம், மின்சாரம், வோல்டேஜ் மூன்றிலும் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று ஓயாமல் பார்த்து, இருக்கிற இடம் வரைக்கும் சிப் தன் வேகத்தை ஏற்றிக்கொள்ளும். ஆகவே நாம் உட்கார்ந்து செய்ய வேண்டியது, எதைக் குறைத்தால் சிப்புக்கு இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும் என்று தேடுவது. வீட்டில் தினமும் வேலைக்கும் விளையாட்டுக்கும் ஓடுகிற கணினியில் நான் அந்த வழியில்தான் போனேன். என்ன செய்தேன், எங்கே நின்றேன், ஏன் நின்றேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

முன்பு கதையே வேறு. 1998-இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ ப்ராசசரின் பெருக்கி (மதர்போர்டின் பஸ் வேகத்தை எத்தனை மடங்காக்குவது என்ற எண்) 4.5. மதர்போர்டில் பஸ் வேகத்தை 66-இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450-இல் ஓடும். ஒரே மாற்றத்தில் ஐம்பது சதவீதம்! ஏஎம்டியின் டியூரான், தண்டர்பேர்டு காலத்தில் சிப்பின் மேலிருந்த சிறு இணைப்புகளைப் பென்சிலால் கோடு போட்டு இணைத்துப் பெருக்கியைத் திறந்தார்கள். அந்த மாதிரி லாபம் இன்றைக்குக் கிடையாது. ஐந்து, எட்டு சதவீதம் கிடைத்தால் நல்லது. ஆனால் அதே வேகத்துக்குக் குறைந்த சூடு, குறைந்த சத்தம் என்று பார்த்தால் இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிய லாபமாகப் பட்டது.

கணினியும் முன்வேலையும்

ப்ராசசர் ரைசன் 5 5600எக்ஸ்: ஆறு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), பன்னிரண்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைச் சரடுகள்), அடிப்படை வேகம் 3.7, பூஸ்ட் 4.6 கிகாஹெர்ட்ஸ். பி550 சிப்செட் மதர்போர்டு, 120 மில்லிமீட்டர் ஃபேன் வைத்த ஒரு டவர் கூலர், 16 ஜிபி டிடிஆர்4-3200 ரேம், 650 வாட் பவர் சப்ளை. கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி.

உங்கள் கணினியில் இது நடக்குமா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். இன்டெல்லில் பெயரின் முடிவில் கே என்ற எழுத்து உள்ள ப்ராசசரும் இசட் வரிசை மதர்போர்டும் வேண்டும். ஏஎம்டியில் பி, எக்ஸ் வரிசை போர்டுகள் அனுமதிக்கும், ஏ520 அனுமதிக்காது. 5800எக்ஸ்3டி போன்ற சில ரைசன்களில் பெருக்கியைப் பூட்டியே விற்கிறார்கள். லேப்டாப்பில் இதையெல்லாம் செய்ய வேண்டாம். அங்கே வெப்பம் வெளியேற வழியே குறைவு.

வாரன்டி விஷயமும் இருக்கிறது. ஓவர்கிளாக்கால் வரும் சேதத்துக்கு வாரன்டி கிடையாது என்று ஏஎம்டி தெளிவாகவே சொல்கிறது. அவர்களே கொடுத்திருக்கும் பிபிஓ (மின்சார வரம்பைத் தளர்த்தும் பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ்) வசதிக்கும் அது பொருந்தும். இதை ஏற்றுக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

பயாஸுக்குள், அதாவது மதர்போர்டின் அடிப்படை செட்டிங் திரைக்குள், போகுமுன் சில வேலைகளை முடித்தேன். முக்கியமான கோப்புகள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றி வைத்தேன். ஆன்லைன் சேமிப்பின் சிங்க்கையும் நிறுத்தினேன். சோதனை நடக்கும்போது கணினி பாதியில் சாயலாம், அல்லது சாயாமலே ஒரு கோப்பைத் தப்பாக எழுதிவிடலாம். அந்தத் தப்பான கோப்பு நல்ல நகலின் மேல் போய் உட்காரக் கூடாது. அப்புறம் பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். சிமாஸை அழித்து பயாஸ் செட்டிங்கை இயல்பு நிலைக்குக் கொண்டுவரும் ஜம்பர் மதர்போர்டில் எந்த மூலையில் இருக்கிறது என்று கையேட்டைப் பார்த்துக் கண்டுபிடித்து வைத்தேன். திரை கறுப்பாக நிற்கும்போது அதைத் தேடிக்கொண்டிருப்பது பெரிய தொல்லை.

தூசியும் தட்டினேன். ஹீட்சிங்க் தகடுகளுக்கு இடையில் கம்பளிபோல் படிந்திருந்ததை ஊதி எடுத்தேன். காற்று அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அது தன் அளவுக்கு மேல் சுழன்று பேரிங் கெடும். பழைய தெர்மல் பேஸ்ட் ஓரங்களில் காய்ந்து வெடித்திருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் புதிது வைத்தேன். இந்தச் சுத்தத்தால் மட்டும் முழுச் சுமையில் வெப்பம் 6 டிகிரி இறங்கியது. எந்த செட்டிங்கையும் தொடாமல் கிடைத்த லாபம் அது.

முதலில் இருப்பதை அளப்பது

எதை மாற்றினாலும் அளவு தெரியாவிட்டால் பயனில்லை. அதனால் எல்லாம் இயல்பு நிலையில் இருக்கும்போதே அளவு எடுத்தேன். சென்சார்களைப் பார்க்க எச்டபிள்யூஇன்ஃபோ, ப்ராசசருக்கு சினிபெஞ்ச் ஆர்23, கிராபிக்ஸுக்கு டைம் ஸ்பை. கடைசி இரண்டும் வேகத்தை ஓர் எண்ணாகக் காட்டும் சோதனை மென்பொருள்கள். சினிபெஞ்சை ஒரு சுற்று ஓட்டி முடிவெடுக்கக் கூடாது. பத்து நிமிட ஓட்டம்தான் கணக்கு. கூலர் சூடாகி நிலைக்கு வந்த பிறகு கிடைக்கும் எண்தான் உண்மையான எண்.

இயல்பு நிலையில் மல்டி கோர் 11,050, சிங்கிள் கோர் 1,540. ப்ராசசர் 76 வாட்டில் முட்டிக்கொண்டு நின்றது, எல்லாக் கோரும் 4.42 கிகாஹெர்ட்ஸ் பக்கம், வெப்பம் 68 டிகிரி. கார்டில் டைம் ஸ்பை கிராபிக்ஸ் எண் 8,750, மின்சாரம் 170 வாட், வெப்பம் 72 டிகிரி. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அறை வெப்பத்தையும் குறித்தேன். அறை ஐந்து டிகிரி சூடானால் சிப்பும் ஏறக்குறைய ஐந்து டிகிரி சூடாகும். இதைக் குறிக்காமல் விட்டால், காலையில் செய்த மாற்றம் நல்லது, மதியம் செய்த மாற்றம் மோசம் என்று தோன்றும்.

5600எக்ஸ் ஏன் 76 வாட்டில் முட்டுகிறது? பெட்டியில் 65 வாட் என்றுதான் போட்டிருக்கும். ஆனால் சாக்கெட் வழியாக அது எடுக்கக்கூடிய உச்ச அளவு 76 வாட். அதோடு நீடித்த மின்னோட்டத்துக்கு 60 ஆம்பியர், நொடிநேர உச்சத்துக்கு 90 ஆம்பியர் என்று இன்னும் இரண்டு வரம்புகள் உண்டு. வெப்ப வரம்பு 95 டிகிரி. என் சிப் 68 டிகிரியில்தான் இருந்தது. அதாவது வெப்பத்தில் இடம் இருந்தும் மின்சார வரம்பு அதைப் பிடித்து வைத்திருந்தது. எந்தச் சுவரில் முட்டுகிறது என்று தெரிந்தால்தான் எதை மாற்றுவது என்று தெரியும்.

ரேம்

இதில் சொல்ல அதிகம் இல்லை. 3200 என்று வாங்கிய ரேம், பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் செட்டிங்) போடாதவரை 2133 அல்லது 2666 போன்ற வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும். நிறையக் கணினிகளில் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. எக்ஸ்எம்பி போட்டேன், ப்ராசசரின் உள் இணைப்பு வேகம் 1600-இல் ரேமின் கடிகாரத்தோடு ஒன்றுக்கு ஒன்று பொருந்துகிறதா என்று பார்த்தேன், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ இரவு முழுக்க ஓட்டினேன், பிழை ஒன்றும் இல்லை. அதற்கு மேல் ரேமைத் தொடவில்லை. ரேம் பிழை சத்தமில்லாமல் கோப்புகளைக் கெடுக்கும், அதனால் இது உறுதியாகாமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது.

எக்ஸ்எம்பி போட்டவுடன் மதர்போர்டு தானாக வேறு எதையெல்லாம் ஏற்றுகிறது என்பதையும் பாருங்கள், குறிப்பாக எஸ்ஓசி (ப்ராசசரில் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி) வோல்டேஜ். 2023-இல் ரைசன் 7000 எக்ஸ்3டி ப்ராசசர்கள் சில கருகியபோது, இந்த எஸ்ஓசி வோல்டேஜ் அளவுக்கு மீறிப் போனதுதான் பேசுபொருளானது. ஏஎம்டி அதற்கு 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு வைத்தது. என்னுடையது பழைய தலைமுறை, போர்டு கொடுத்தது 1.1 வோல்ட்தான். சரி என்று விட்டுவிட்டேன்.

ப்ராசசர்: வோல்டேஜைக் குறைத்து வேகத்தைக் கூட்டுவது

சிப் எடுக்கும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும், வோல்டேஜோடு இருமடிப் பெருக்கமாகவும் ஏறும். வோல்டேஜை 10 சதவீதம் ஏற்றினால் மின்சாரம் 21 சதவீதம் கூடும். வேகத்தையும் சேர்த்து ஏற்றினால் இன்னும் மேலே. 1.2 வோல்ட்டிலிருந்து 1.35-க்குப் போய் 5 சதவீத வேகம் வாங்கினால், மின்சாரம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். இதையே திருப்பிப் பாருங்கள். அதே வேகத்தைக் கொஞ்சம் குறைந்த வோல்டேஜில் ஓட்ட முடிந்தால் மின்சாரம் மளமளவென்று குறையும். 76 வாட் சுவருக்குள் இடம் பிறக்கும். அந்த இடத்தில் பூஸ்ட் தானாக ஏறிக்கொள்ளும்.

தொழிற்சாலை ஒவ்வொரு சிப்புக்கும் கொஞ்சம் தாராளமாகவே வோல்டேஜ் வைத்து அனுப்புகிறது. மோசமான போர்டு, சூடான அறை, வருடங்கள் போன பழைய சிப் என எல்லாவற்றிலும் அது தடுமாறாமல் ஓட வேண்டும் அல்லவா, அதற்கான கூடுதல் அது. நம் கையில் இருக்கும் ஒரே சிப்புக்கு எவ்வளவு தேவை என்று பொறுமையாகச் சோதித்தால் அந்தக் கூடுதலில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

பழைய வழி, எல்லாக் கோருக்கும் ஒரே வேகம், ஒரே வோல்டேஜ் என்று பூட்டுவது. இந்தத் தலைமுறை ரைசனுக்கு அது எனக்குப் பிடிக்கவில்லை. 4.5-இல் பூட்டினால் மல்டி கோர் எண் ஏறும். ஆனால் ஒரே கோர் வேலை செய்யும்போது கிடைத்த 4.65 போய்விடும். உலாவியும் விளையாட்டுகளும் அந்த ஒற்றைக் கோர் வேகத்தைத்தான் அதிகம் நம்பியிருக்கின்றன. அதோடு, சும்மா இருக்கும்போதும் வோல்டேஜ் ஏறியபடியே நிற்கும். இங்கே பலருக்கு ஒரு குழப்பம் வருகிறது. இயல்பு நிலையில் ரைசன் 1.4 வோல்ட்டைத் தாண்டுவதைப் பார்த்து, "சிப்பே 1.4 எடுக்கிறதே, நாமும் அதையே வைத்துப் பூட்டலாம்" என்று நினைக்கிறார்கள். சிப் அதை எடுப்பது ஒன்றிரண்டு கோர் மட்டும் லேசாக வேலை செய்யும் கணத்தில், குறைந்த மின்னோட்டத்தில். ஆறு கோரும் முழுச் சுமையில் இருக்கும்போது அதே 1.4 வோல்ட்டை மணிக்கணக்கில் கொடுத்தால் சிப் சீக்கிரம் தேயும். வோல்டேஜ், வெப்பம், மின்னோட்டம் மூன்றும் சேரும்போதுதான் அந்தத் தேய்மானம் வேகமாகிறது.

அதனால் நான் எடுத்தது கர்வ் ஆப்டிமைசர். ரைசன் 5000 வரிசையோடு வந்த வசதி. ஒவ்வொரு கோருக்கும் வேகம்-வோல்டேஜ் கோட்டை மேலேயோ கீழேயோ நகர்த்தலாம். அளவு +30 முதல் -30 வரை, ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட்.

எல்லாக் கோருக்கும் -10 வைத்தேன். வேறு எதையும் மாற்றவில்லை. மல்டி கோர் 11,350 ஆனது, மின்சாரம் அதே 76 வாட், வெப்பமும் அப்படியே. -20-இல் 11,600. எல்லாக் கோரும் 4.55 பக்கம் ஓடின. -30-க்கும் போய்ப் பார்த்தேன். சினிபெஞ்ச் தடுமாறவே இல்லை, 11,800 காட்டியது. கனமான சுமை தரும் பிரைம்95-ஐ எல்லாத் திரெட்டிலும் ஓட்டினேன், அதுவும் அசையவில்லை.

அப்புறம் எல்லாச் சோதனையையும் மூடிவிட்டு உலாவியைத் திறந்தேன். இரண்டு தாவல்கள்தான் இருக்கும். திரை அணைந்து கணினி தானாக மறுபடி தொடங்கியது.

இந்த வேலையில் கற்றுக்கொள்ள வேண்டியதில் பாதி அந்த இடத்தில்தான் இருக்கிறது. முழுச் சுமையில் சிப் 4.5, 4.6 பக்கம், கோட்டின் நடுப்பகுதியில் ஓடுகிறது. லேசான வேலையில்தான் ஒற்றைக் கோர் 4.65-க்குத் தாவுகிறது. அது கோட்டின் உச்சி. அந்த வேகத்துக்கு வோல்டேஜ் நிறைய வேண்டும், மிச்சம் வைக்க அங்கே ஒன்றும் இல்லை. நாம் -30 குறைத்ததால் அந்த உச்சியில் போதாமல் போகிறது. பிரைம்95 மணிக்கணக்கில் ஓடினாலும் அந்த இடத்தைத் தொடவே தொடாது. ஆகவே "எட்டு மணி நேரம் முழுச் சுமையில் ஓடியது, அதனால் உறுதி" என்பது கர்வ் ஆப்டிமைசருக்குச் செல்லாது.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைத் திறந்தால் துப்பு கிடைக்கும். டபிள்யூஎச்இஏ-லாகர் (வன்பொருள் பிழைகளைப் பதிவது), ஈவென்ட் எண் 18, கேஷ் படிநிலைப் பிழை என்று ஒரு வரி இருந்தது. அதன் கீழே ப்ராசசர் ஏபிஐசி ஐடி என்று ஓர் எண். ஒரு கோருக்கு இரண்டு திரெட் என்பதால் 0, 1 என்றால் முதல் கோர், 2, 3 என்றால் இரண்டாவது. எனக்கு வந்தது 4. அதாவது மூன்றாவது கோர். எச்டபிள்யூஇன்ஃபோவில் பார்த்தால், சிப்பின் மிகச் சிறந்த கோர் என்று ஏஎம்டி அடையாளம் வைத்திருப்பதும் அதுதான்!

சிறந்த கோர் முதலில் விழுவது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் காரணம் நேரானது. நல்ல கோருக்குத் தொழிற்சாலையிலேயே குறைந்த வோல்டேஜ்தான் வைத்திருப்பார்கள், அதனால் இன்னும் குறைக்க அங்கே இடம் குறைவு. அதோடு விண்டோஸ் லேசான வேலைகளையெல்லாம் அந்தக் கோருக்கே அனுப்புகிறது. உச்சி வேகத்தில் அதிக நேரம் நிற்பதும் அதுவே.

இங்கிருந்து கோர் கோராகப் பார்க்கும் வேலை. இதற்குக் கோர்சைக்ளர் என்ற சிறு ஸ்கிரிப்ட் அருமையாக உதவுகிறது. பிரைம்95-ஐ ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோரில் மட்டும் ஓட்டி, சில நிமிடம் கழித்து அடுத்த கோருக்கு மாற்றும். ஒற்றைக் கோர் என்பதால் பூஸ்ட் உச்சிக்குப் போகும், நமக்குச் சோதிக்க வேண்டிய இடமும் அதுதான். கனமான ஏவிஎக்ஸ் கட்டளைகள் இல்லாமல் லேசான எஸ்எஸ்இ முறையில் ஓட்டினால் வேகம் இன்னும் மேலே நிற்கும். படுக்கப் போகும்போது தொடங்கிவிட்டுக் காலையில் பதிவைப் பார்ப்பேன். எந்தக் கோரில் பிழை வந்ததோ அதை மட்டும் 3 புள்ளி மேலே ஏற்றுவேன். மறுபடி இரவு. அவசரப்பட இதில் இடமே இல்லை. பல இரவுகள் இப்படிப் போன பிறகு எண்கள் நிலைக்கு வந்தன. சிறந்த கோர் -12, அதற்கு அடுத்தது -15, மற்ற நான்கும் -21 முதல் -27 வரை. இவை, கிடைத்த எல்லையிலிருந்து ஒவ்வொன்றையும் இன்னும் 2 புள்ளி மேலே ஏற்றி வைத்த எண்கள். வெயில் காலத்துக்கும், சிப்புக்கு வயதாவதற்கும் அந்த 2 புள்ளி.

கோர்சைக்ளர் மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ராத்திரி முழுக்க அணைத்து வைத்துவிட்டுக் காலையில் குளிர்ந்த நிலையில் போடுவது, ஸ்லீப்பிலிருந்து எழுப்புவது, ஒன்றும் செய்யாமல் ஒரு மணி நேரம் அப்படியே விடுவது, பெரிய கோப்பைச் சுருக்கி விரிப்பது என்று எல்லாவற்றையும் பார்த்தேன். ஈவென்ட் வியூவரில் எண் 18-உம், திருத்தப்பட்ட பிழையைச் சொல்லும் எண் 19-உம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டே இருந்தேன். கணினி சாயவில்லை என்பதற்காக 19-ஐக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடக் கூடாது. இன்று திருத்திக்கொண்டது நாளை சாயும்.

மின்சார வரம்பை ஏற்றியும் பார்த்தேன். பிபிஓவில் வரம்பை "மதர்போர்டு" என்று வைத்தால் போர்டு தன் இஷ்டத்துக்குப் பெரிய எண்களைப் போட்டுவிடும், அதனால் கையாலேயே 95 வாட் என்று கொடுத்தேன். மல்டி கோர் எண் ஒரு சதவீதத்துக்கும் கொஞ்சம் மேலே ஏறியது, வெப்பம் 9 டிகிரி ஏறியது. கோர்கள் ஏற்கெனவே 4.65 என்ற உச்சியை நெருங்கிவிட்டதால், கொடுத்த வாட் எல்லாம் சூடாகத்தான் போனது. திரும்ப 76-க்கே கொண்டுவந்தேன். பூஸ்ட் உச்சியை மட்டும் +50 மெகாஹெர்ட்ஸ் ஏற்றினேன். +200 வரைக்கும் பயாஸ் அனுமதிக்கிறது, ஆனால் அதற்குச் சிறந்த கோரின் -12-ஐ விட்டுக்கொடுத்து அதிக வோல்டேஜ் தர வேண்டியிருந்தது. எனக்கு அது வேண்டாம்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்லிவிடுகிறேன். கர்வ் ஆப்டிமைசருக்குப் பதிலாக பயாஸில் பொதுவான வோல்டேஜ் ஆஃப்செட்டைக் குறைத்தால், கணினி சாயாமல் ஓடும், திரையில் 4.6 என்றே காட்டும், ஆனால் சினிபெஞ்ச் எண் இறங்கும். வோல்டேஜ் போதாதபோது சிப் தன் கடிகாரத் துடிப்பை நீட்டிக்கொண்டு சமாளிக்கிறது. எச்டபிள்யூஇன்ஃபோவில் "எஃபெக்டிவ் கிளாக்" என்ற வரிசையைப் பார்த்தால் உண்மை தெரியும். காட்டும் வேகமும் அதுவும் விலகி நின்றால் அந்த செட்டிங் வீண். அதனால்தான் வேகத்தைப் பார்த்து முடிவெடுக்காமல் எப்போதும் சோதனை எண்ணைப் பார்த்தே முடிவெடுத்தேன்.

கடைசியில் மல்டி கோர் 11,580, சிங்கிள் கோர் 1,575. வெப்பம் 67 டிகிரி. ஏறக்குறைய ஐந்து சதவீதம், ஒரு வாட் கூடுதலாக இல்லாமல்.

வோல்டேஜைப் பற்றி நான் இவ்வளவு கவலைப்படக் காரணம் உண்டு. 2024-இல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்களில் பல நிலைகுலைந்தபோது, தேவைக்கு மேல் வோல்டேஜ் போனதே காரணம் என்று இன்டெல்லே சொல்லி, மைக்ரோகோட் (ப்ராசசரின் உள்நிரல்) மூலம் திருத்தம் கொடுத்தது. ஒருமுறை தேய்ந்த சிப்பை அந்தத் திருத்தமும் மீட்காது. யாரும் ஓவர்கிளாக் செய்யாமலே அங்கே அந்த நிலை. நாமாக ஏற்றும்போது எவ்வளவு கவனம் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள்.

கிராபிக்ஸ் கார்டு

கார்டு ஒருவகையில் எளிது. கார்டின் செட்டிங்கை மாற்றும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் எல்லாம் நழுவு பட்டைகளாக இருக்கின்றன, தப்பினால் மறுபடி தொடங்கினால் பழைய நிலைக்கு வந்துவிடும். ஒரு நிபந்தனை: விண்டோஸ் தொடங்கும்போதே செட்டிங்கைப் போடும் பொத்தானை, எல்லாம் உறுதியாகும்வரை தொடக் கூடாது. தொட்டால், சாய்கிற செட்டிங்கோடு கணினி தொடங்கி, தொடங்கியவுடனே மறுபடி சாயும்.

மின் இணைப்பையும் பார்த்துக்கொண்டேன். பிசிஐஇ ஸ்லாட் 75 வாட், எட்டுப் பின் கேபிள் ஒன்று 150 வாட், ஆக 225. கார்டு எடுப்பது 170. தாராளம். என் கார்டில் மின் வரம்பை 100-க்கு மேல் சில சதவீதமே ஏற்ற முடியும். ஏற்றிவிட்டேன். கோர் வோல்டேஜ் பட்டையைத் தொடவில்லை, கடைசிவரை தொடப்போவதும் இல்லை.

கோர் வேகத்தை 15 மெகாஹெர்ட்ஸ் படிகளாக ஏற்றினேன். ஜிபியு பூஸ்ட் நகர்வது அந்தப் படிகளில்தான், இடையில் உள்ள எண்களுக்குப் பொருளில்லை. பக்கத்தில் யூனிஜின் சூப்பர்பொசிஷன் என்ற கிராபிக்ஸ் சோதனை ஓடிக்கொண்டிருந்தது. +150-இல் திரை ஒரு கணம் உறைந்து, கறுப்பாகி, திரும்ப வந்தது. கிராபிக்ஸ் டிரைவர் 2 நொடி பதில் சொல்லாவிட்டால் விண்டோஸே அதை மீட்டமைக்கும், அதுதான் நடந்தது. +135 சோதனைகளில் நின்றது. டைம் ஸ்பை ஸ்ட்ரெஸ் டெஸ்ட் இருபது சுற்றும் ஓடி, தேறத் தேவையான 97 சதவீதத்தைத் தாண்டியது. ஆனால் ரே டிரேசிங் உள்ள ஒரு விளையாட்டில், அதுவும் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே மூடிக்கொண்டது.

முதல் நிமிடத்தில் ஏன்? கார்டு குளிர்ந்திருக்கும்போதுதான் பூஸ்ட் அதிகம். சூடு ஏற ஏறப் படிப்படியாக அதுவே இறங்கிக்கொள்ளும். நாம் சோதனையை மணிக்கணக்கில் ஓட்டும்போது பெரும்பகுதி நேரம் சூடான, கொஞ்சம் வேகம் குறைந்த கார்டைத்தான் சோதிக்கிறோம். அதனால் குளிர்ந்த கார்டில் கனமான விளையாட்டைத் திறந்து மூடுவதையும் ஒரு சோதனையாக வைத்துக்கொண்டேன். +105-இல் எல்லாம் அடங்கியது.

மெமரிக்கு வேறு விதி. ஆர்டிஎக்ஸ் 3060-இன் மெமரி 15 கிகாபிட் வேகம், 192 பிட் பாதை, அதாவது நொடிக்கு 360 கிகாபைட். ஆஃப்டர்பர்னரில் 7500 என்று காட்டும். +500 வைத்தால் 8000, அதாவது 16 கிகாபிட், 384 கிகாபைட். நூறு நூறாக ஏற்றி ஒவ்வொன்றிலும் டைம் ஸ்பை எண்ணைக் குறித்தேன். +900 வரை எண் ஏறியது, அதற்கப்புறம் திரையில் ஒரு புள்ளிகூடத் தப்பாகத் தெரியவில்லை, ஆனால் எண் மட்டும் இறங்கத் தொடங்கியது. கண்ணால் பார்த்து எந்தக் கோளாறும் இல்லை என்று +1100-இல் விட்டிருந்தால், ஓவர்கிளாக் செய்து வேகத்தைக் குறைத்ததாக ஆகியிருக்கும். +700-இல் நிறுத்தினேன்.

டைம் ஸ்பை 9,260 வந்தது. 8,750-லிருந்து ஏறக்குறைய ஆறு சதவீதம். விளையாட்டில் 60 பிரேம் வந்த இடத்தில் 63. வெப்பம் 75, ஃபேன் சத்தம் பக்கத்து அறைவரை கேட்கிறது. சரி, இது கிடைக்கும் என்று தெரிந்தது. ஆனால் தினமும் இப்படி வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

எனவே கார்டிலும் வோல்டேஜைக் குறைக்கும் பாதைக்கே வந்தேன். ஆஃப்டர்பர்னரில் கன்ட்ரோலும் எஃப்-உம் சேர்த்து அழுத்தினால் வேகம்-வோல்டேஜ் கோடு ஒரு வரைபடமாகத் திறக்கும். கோடு முழுவதையும் முதலில் கீழே இறக்கிக்கொண்டு, 0.900 வோல்ட் புள்ளியை மட்டும் பிடித்து 1890 மெகாஹெர்ட்ஸ் வரை இழுத்து, செட்டிங்கை ஏற்கும் பொத்தானை அழுத்தினால், அந்தப் புள்ளிக்கு வலப்பக்கம் உள்ள எல்லாம் தட்டையாகிவிடும். அதற்கு மேல் கார்டு போகாது. மெமரியை +500-இல் வைத்தேன்.

முன்பு 1 வோல்ட்டைத் தாண்டி ஓடிய அதே 1890, இப்போது 0.9-இல். மின்சாரம் 170-லிருந்து 140 வாட் பக்கம் வந்தது. வெப்பம் 65. டைம் ஸ்பை 8,890, இயல்பு நிலையைவிடக் கொஞ்சம் அதிகமே. ஃபேன் சுழல்வது காதில் விழுவதில்லை. வேகமும் பழைய மாதிரி மேலும் கீழும் ஆடுவதில்லை, 1890 என்றால் 1890. விளையாட்டில் பிரேம்கள் சீராக வருவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது ஓடுவது

ப்ராசசரில் மேலே சொன்ன கோர்வாரி எண்கள், 76 வாட் வரம்பு, +50. கார்டில் இரண்டு புரொஃபைல். ஒன்று 0.900 வோல்ட்டில் 1890, இதுதான் எப்போதும். இரண்டாவது +105, +700, கனமான வீடியோ ரெண்டர் வேலைக்கு மட்டும். முதலாவதை விண்டோஸ் தொடக்கத்தில் போடும்படி, ஒரு மாதம் எந்தப் பிரச்சினையும் இல்லாமல் ஓடிய பிறகுதான் வைத்தேன்.

பயாஸ் செட்டிங்கைப் போர்டிலேயே ஒரு புரொஃபைலாகச் சேமித்தேன். ஆனால் பயாஸை அப்டேட் செய்தால் பெரும்பாலும் அந்த புரொஃபைல் அழிந்துவிடும். ஆறு கோர்களின் எண்களையும் தாளில் எழுதி கேபினட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். அப்டேட்டுக்குப் பிறகு அதே எண்களைப் போட்டாலும் கோர்சைக்ளரை ஓர் இரவு ஓட்டாமல் நம்புவதில்லை, ஏனென்றால் புதிய பயாஸ் பூஸ்ட் நடத்தையை மாற்றக்கூடும். கிராபிக்ஸ் டிரைவர் மாறும்போதும் அப்படியே. முதல் தடவை குளிர்ந்த கார்டில் கனமான விளையாட்டை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

அடுத்துச் செய்ய நினைப்பது கேபினட் காற்றோட்டம். முன்பக்க ஃபேன் இரண்டும் கார்டுக்கு நேராகக் காற்றைக் கொடுப்பதில்லை. அவற்றைக் கீழே இறக்கி மாட்டினால் கார்டின் உச்சப்புள்ளி வெப்பம் இன்னும் சில டிகிரி குறையும் என்று எதிர்பார்க்கிறேன். அந்த இடம் கிடைத்தால் 0.900-ஐ 0.875-க்கு இறக்க முடியுமா என்று மறுபடி அளந்து பார்க்க வேண்டும்.